மாரிக்குக் குழப்படி செய்யும் சைக்கிள்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

"மழையில நனைஞ்சு போச்சு" என்று சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தினால், விஷயம் தெரிந்த சைக்கிள் கடை பாஸ் முதலில் கேட்கும் கேள்வி "எந்தத் தண்ணியில?" என்பதாகத்தான் இருக்கும். மழைத்தண்ணி செயினில் இருக்கிற எண்ணெயைக் கழுவிக்கொண்டு போகும், அவ்வளவுதான். மட்டக்களப்பு வாவித் தண்ணியில் உப்பு இருக்கிறது. துடைக்காமல் விட்டால் விடிய எழும்பும்போது செயின் செம்மஞ்சளாக நிற்கும். வயலிலும் கானிலும் இருந்து வரும் வெள்ளத் தண்ணியில் உப்புக் குறைவு, ஆனால் நுண்மணலும் களியும் அதிகம். அது அச்சுக்குள் போல்ஸ் (சின்ன இரும்புக் குண்டுகள்) ஓடும் இடத்துக்குள் போனால் உள்ளே இருந்தே அரைக்கும். கல்லடி, காத்தான்குடி, கல்முனைக் கடற்கரையோரம் குடியிருக்கிறவர்களுக்கு இது எதுவுமே வேண்டாம். வெளியே விட்டுவைத்த சைக்கிளில் இரவோடிரவாகப் படியும் உப்புப் பிசிறே போதும்.

ஒக்டோபர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரைக்கும் இந்த நாலில் எது பட்டது என்பதை வைத்துத்தான் அன்று பின்னேரம் செய்ய வேண்டிய வேலை மாறும். மழை மட்டும் என்றால் துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டால் சரி. உப்போ வெள்ளமோ பட்டிருந்தால் முதலில் நல்ல தண்ணி அரை வாளி ஊற்றிக் கழுவுங்கள். கரையோரக் கிணறு சிலது உவர். அங்கே கூரையிலிருந்து விழும் மழைத்தண்ணியைப் பிடித்து வைத்துக் கழுவுவது நல்லது. பைப்பில் வேகமாகப் பீய்ச்சி அடிக்க வேண்டாம். அச்சுப் பக்கம் அப்படி அடித்தால், வெளியே நின்ற மணலை நீங்களே உள்ளே அனுப்புகிறீர்கள்.

பிறேக் பிடிக்குது, சைக்கிள் நிக்குதில்ல

பழைய கம்பி பிறேக் சைக்கிளிலும், குறோம் பூசிப் பளபளக்கும் இரும்பு றிம் போட்ட எந்தச் சைக்கிளிலும் இது வரும். இரும்பு றிம் நனைந்தால் ரப்பருக்கும் அதற்கும் நடுவில் தண்ணிப் படலம் ஒன்று நிற்கும். நிற்பதற்கு வறண்ட நேரத்தைவிடப் பல மடங்கு தூரம் எடுக்கும். இதற்காக பிறேக்கை இறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. இறுக்கினால் வெயில் வந்ததும் றிம்மில் உரசிக்கொண்டே ஓடும், தண்ணி அதனால் போகாது.

ஓட்டும்போது செய்ய வேண்டியது: நிற்க வேண்டிய இடத்துக்கு இருபது முப்பது மீற்றர் முன்னமே இரண்டு பிறேக்கையும் மெல்லப் பிடித்தபடி வாருங்கள். சக்கரம் நாலைந்து சுற்றுச் சுற்றும்போது பிறேக் கட்டை றிம்மைத் துடைத்துவிடும். பிறகு அழுத்தினால் பிடிக்கும். சந்தி, பஸ் தரிப்பிடம், பள்ளிக்கூட வாசல் எல்லாவற்றுக்கும் முன்னால் இது பழக்கமாக வேண்டும்.

அப்படியும் பிடிக்கவில்லை என்றால் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கினால் முரட்டு உப்புத்தாளில் நாலு இழுவை இழுங்கள். வெள்ளி வெள்ளியாகப் புள்ளிகள் தெரிந்தால் அவை றிம்மிலிருந்து உரிந்த உலோகத் துகளும் மணலும். ஊசி முனையால் தோண்டி எடுங்கள், விட்டால் றிம்மைக் கீறிக்கொண்டே இருக்கும். கட்டையில் இருக்கும் வரித்தடம் தேய்ந்து மறைந்திருந்தால் புதுசு போட வேண்டியதுதான். எல்லாம் நன்றாக இருந்தும் வழுக்கினால் றிம்மை விரலால் தடவிப் பாருங்கள். செயினுக்கு விட்ட எண்ணெய் தெறித்திருக்கும். சவர்க்காரத் தண்ணியால் றிம்மையும் கட்டையையும் கழுவினால் தீரும்.

புதுக் கட்டை போடும்போது கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சில பிறேக் சூவில் ரப்பர் ஒரு பக்கத்தால் செருகப்படும். ஒரு முனை திறந்திருக்கும், மறுமுனை மூடியிருக்கும். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது ரப்பர் எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்கத்தில் மூடிய முனை வர வேண்டும். மாறிப் போட்டால் முதல் பலமான பிடியிலேயே ரப்பர் வழுகி வெளியே விழும், வெறும் தகடு றிம்மில் உரசும். கடையில் போட்டுத் தந்தாலும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

கேபிள் பிறேக் என்றால் இன்னொரு இடமும் உண்டு. பின் பிறேக் கேபிளின் உறை வளைந்து இறங்கும் அடிப்பகுதியில் தண்ணி தேங்கித் துருப்பிடிக்கும். பிடி அழுத்தினால் உள்ளே போகிறது, விட்டால் திரும்பி வருவதில்லை என்பது அதன் அடையாளம். மேல் முனையில் மூன்று சொட்டுத் தையல் மெசின் எண்ணெய் விட்டுப் பிடியை இருபது தரம் அழுத்தி விடுங்கள். கேபிளில் ஒரு இழை அறுந்து முள்ளாக நின்றாலும் மாற்ற வேண்டும். மற்ற இழைகளும் அதே துருவில்தான் நிற்கின்றன.

இரும்பு றிம்முக்குப் பதில் அலுமினிய றிம் போட்டுக்கொள்வது நிரந்தரத் தீர்வு. நனைந்தாலும் ஓரளவு பிடிக்கும். தினமும் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறவருக்கு அந்தச் செலவு வீணில்லை. ஆனால் றிம்மின் உட்புறத்தில் பிடிக்கும் கம்பி பிறேக் இருந்தால் பக்கவாட்டில் பிடிக்கும் பிறேக்கும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். முதலிலேயே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடிய எழும்பினா காத்து இல்ல

டியூபைக் கழற்ற முதல் வால்வைப் பாருங்கள். வால் டியூப் போட்ட வால்வு என்றால், அந்தச் சின்ன ரப்பர் குழாய் வெயிலிலும் உப்பிலும் வெடித்துப்போவது வழமை. வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் பழுது அங்கேதான், டியூபில் இல்லை. இரண்டங்குல வால் டியூப் துண்டொன்று சட்டைப் பையில் கிடந்தால் ஐந்து நிமிட வேலை.

வால்வு சரி என்றால் டியூபைக் கழற்றி, ஓட்டை எந்தப் பக்கம் என்று பாருங்கள். றிம் பக்கமாக ஓட்டை இருந்தால் சக்கரக் கம்பி முனை குத்தியிருக்கிறது, அல்லது றிம் நாடா நைந்து துருத் தகடு வெட்டியிருக்கிறது. நாடாவை மாற்றாமல் டியூபை ஒட்டிப் பயனில்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்ன வெட்டு இருந்தால் காத்துக் குறைவாக வைத்துப் பள்ளத்தில் விட்டிருக்கிறீர்கள். டயர் பக்கமாக ஒரே ஓட்டை என்றால் முள், கண்ணாடி, அல்லது றோட்டில் டயர் எரித்த இடத்தில் மிஞ்சும் மயிர் போன்ற கம்பி. இந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாது. டயரின் உட்புறத்தைப் பஞ்சுத் துண்டால் ஒரு சுற்றுத் தடவுங்கள்; பஞ்சு மாட்டும் இடத்தில் அது நிற்கும். விரலால் தடவினால் விரலில் ஏறும்.

மழைக்குப் பஞ்சர் கூடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஈரமான ரப்பரைக் கண்ணாடி வழுக்கிக்கொண்டு வெட்டும். தேங்காய் வெட்டும் கத்தியை நனைத்துக்கொண்டு ரப்பர் செருப்பு ஒன்றை அறுத்துப் பார்த்தால் விளங்கும்.

ஒட்டும்போது அவசரப்பட வேண்டாம். டியூப் முழுதாகக் காய வேண்டும், உப்புத்தாளால் உரச வேண்டும், சொலூஷன் தடவி ஐந்து நிமிடம் விட வேண்டும். தொட்டால் ஒட்டாமல், மங்கிப்போய் இருக்கும்போதுதான் ஒட்டுத் துண்டை வைத்து அழுத்த வேண்டும். மாரிக் காற்றில் ஐந்து நிமிடம் பத்தாகலாம். கொட்டும் மழையில் ஒட்டுப் பிடிக்காது. ஒரு மாற்று டியூப் கெரியரில் கட்டிக்கொண்டு போகிறவர் புத்திசாலி.

வால்வு சரிந்து நின்றால் அது வேறு கதை. காத்துக் குறைந்த டயர், நனைந்த றிம்மில் வழுகி நகர்ந்து டியூபையும் இழுக்கிறது. காத்தை விட்டு, டயரைத் திருப்பி நேராக்கி, பிறகு அடியுங்கள். விட்டால் வால்வு அடியோடு கிழியும், அதை ஒட்டவே முடியாது. எவ்வளவு காத்து என்பது டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும். மழை நாளில் வழக்கத்தைவிட ஐந்து பிஎஸ்ஐ குறைத்தால் பிடிமானம் கொஞ்சம் கூடும். அச்சிட்ட குறைந்த அளவுக்குக் கீழே போக வேண்டாம். பின்னால் ஆளோ மூட்டையோ ஏற்றினால் பின் டயரில் குறைக்கவே வேண்டாம்.

செயின் கத்துது, பாயுது

கத்தினால் காய்ந்துவிட்டது. மிதிக்கும்போது பல்லை விட்டுப் பாய்ந்தால் தேய்ந்துவிட்டது, அல்லது தொய்ந்துவிட்டது. இரண்டையும் குழப்பி, பாயும் செயினுக்கு எண்ணெயாக ஊற்றுகிறவர்கள் உண்டு.

கத்தும் செயினுக்கு: காய்ந்த துணியால் பிடித்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றித் துடையுங்கள். துரு ஏறியிருந்தால் பழைய பல்துலக்கும் பிறஷில் மண்ணெண்ணெய் தோய்த்துத் தேய்த்து, அது காயும்வரை விடுங்கள். பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு. கால் மணித்தியாலம் விட்டு வெளியே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். உராய்வு உருளைக்கு உள்ளேதான். வெளியே நிற்கும் எண்ணெய் மணல் பிடிக்க மட்டும் உதவும். கிறீஸை வெளியே அப்புவதும், மோட்டார் சைக்கிளில் வடித்த கறுப்பு எண்ணெயை விடுவதும் இதே காரணத்தால் கெடுதல். தேங்காய் எண்ணெய் இரண்டு நாளைக்குத்தான் நன்றாக ஓடும்.

பாயும் செயினுக்கு: நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் அரை அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மேல் என்றால் பின் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து இறுக்குங்கள். அளவுகோல் வைத்து, கண்ணிகளைக் கோக்கும் ஊசி நடுவிலிருந்து ஊசி நடுவுக்கு 24 கண்ணி எண்ணி அளந்தால் புதுச் செயின் சரியாக 12 அங்குலம். அது 12⅛ ஆகிவிட்டால் மாற்றும் நேரம். பின் சக்கரத்தில் செயின் ஓடும் பிறீவீல் பல் சுறாப் பல் மாதிரிச் சரிந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய பல்லில் புதுச் செயின் இன்னும் மோசமாகப் பாயும். இணைப்புக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

வெள்ளத்துக்குப் பிறகு பெடல் டக் டக் எண்டுது

முதலில் தண்ணி எவ்வளவு உயரம் என்று நினைத்துப் பாருங்கள். பெரிய சைக்கிளில் சக்கர அச்சு நிலத்திலிருந்து சுமார் 35 சென்ரிமீற்றரில் நிற்கும், இரண்டு கிராங்கும் (பெடல் தண்டு) பூட்டிய பெடல் அச்சு 30 அளவில். கணுக்காலளவு தண்ணி எதையும் தொடாது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்தாலே மூன்று இடத்திலும் போல்ஸ் குளித்துவிட்டது.

சத்தம் பெடலின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் வந்தால் அது பெரும்பாலும் கிராங்கை அச்சோடு பூட்டும் கொட்டர் பின் தளர்ந்தது. கிராங்கைப் பிடித்து ஆட்டினால் ஒரு பக்கம் மட்டும் ஆடும். நட்டை மட்டும் இறுக்கினால் அது முறியும். கிராங்குக்கு அடியில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, பின்னை அடித்து உள்ளே செலுத்திவிட்டு, பிறகு நட்டை இறுக்குங்கள். பின்னின் தட்டைப் பக்கத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புதுசுதான்.

சத்தம் அரைக்கும் சத்தம் என்றால் தண்ணி உள்ளே இருக்கிறது. சீற்றைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாக்கினால் சட்டக் குழாய்க்குள் நின்ற தண்ணி வெளியே ஓடும். ஒரு கோப்பை வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். பிறகு பெடல் அச்சைத் திறந்து கிறீஸின் நிறத்தைப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணி கலந்துவிட்டது. முழுக்க வழித்தெடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டுப் புதுக் கிறீஸ் வையுங்கள். போல்ஸை எண்ணி எடுங்கள்: பெடல் அச்சில் பக்கத்துக்கு கால் அங்குலத்தில் 11, பின் சக்கரத்தில் பக்கத்துக்கு அதே அளவில் 9, முன் சக்கரத்தில் பக்கத்துக்கு 3/16 அங்குலத்தில் 10 என்பது சாதாரணச் சைக்கிளின் கணக்கு. ஒன்று குறைந்தாலும் தேடுங்கள். மினுக்கம் போய்ப் புள்ளி விழுந்திருந்தால் எல்லாவற்றையும் ஒரே தரத்தில் மாற்றுங்கள், புதுசையும் பழசையும் கலக்க வேண்டாம். போல்ஸை அழுத்திப் பிடிக்கும் கோனை இறுக்கும்போது சக்கரம் தானாக ஆடி நிற்க வேண்டும், அச்சில் ஆட்டமும் இருக்கக் கூடாது.

இந்த வேலையை வெள்ளம் கண்ட ஒரு கிழமைக்குள் செய்தால் கிறீஸ் செலவோடு போகும். மாரி முடியட்டும் என்று விட்டால் போல்ஸ் உருளும் கப்பும் கோனும் சேர்த்து வாங்க வேண்டி வரும்.

தண்ணிக்குள் இறங்கவே கூடாத இடங்கள் உண்டு. றோட்டுக்குக் குறுக்கே தண்ணி ஓடிக்கொண்டிருந்தால் ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் திரும்புங்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு மாவடிப்பள்ளியில் ஆட்களை ஏற்றிய உழவு இயந்திரத்தையே நீர் இழுத்தது. வலையிறவு, வவுணதீவுப் பக்கத் தாழ்ந்த வீதிகளில் தண்ணி அசையாமல் நிற்கலாம். அப்போதும் றோட்டு எங்கே முடிந்து வயல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. இறங்கி, சைக்கிளைப் பள்ளப் பக்கம் விட்டு, நடுவால் உருட்டிக்கொண்டு நடங்கள். கிரான் புலிபாய்ந்தகல் பாதையில் தண்ணி ஏறினால் எப்படியும் படகுதான்.

நேரா ஓடினாலும் வழுக்குது

டயரைக் குறை சொல்ல முதல் எங்கே வழுக்கியது என்று பாருங்கள். நாலைந்து நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் மழையின் முதல் பதினைந்து நிமிடம் காப்பட் போட்ட தார் றோட்டில் எண்ணெயும் தூசும் கலந்து மிதக்கும். அந்த நேரம் கடையோரமாக ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போவது பழுது பார்ப்பதைவிட மலிவு. வெள்ளைக் கோடு, கான் மூடித் தகடு, பாலத்து இணைப்பு இரும்பு, ரயில் தண்டவாளம் இவற்றின் மேல் பிறேக்கும் பிடிக்காதீர்கள், ஹாண்டிலும் திருப்பாதீர்கள். தண்டவாளத்தை நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். சரிந்து கடந்தால் முன் சக்கரம் இடுக்கில் இறங்கும். மரநிழல் விழும் கொங்கிறீட் ஒழுங்கைகளில் மார்கழி, தைக்குப் பாசி பிடிக்கும். கறுப்பாக இருக்கும் ஓரத்தை விட்டு, வெளிறிய நடுப்பகுதியால் போங்கள்.

மழை விட்ட பின் அறுவடைக் காலத்தில் அம்பாறைப் பக்கம் இன்னொன்று: றோட்டில் நெல் காயப்போட்டிருப்பார்கள். நெல்மணி போல்ஸ் மாதிரித்தான் உருளும். அதன் ஓரத்தில் அடையாளத்துக்கு வைத்த கல் அதைவிட மோசம்.

கோட்டுக்கு வெளியே போகவே முடியல்ல

இங்கே சைக்கிள் பாதை என்பது பெரும்பாலும் ஓரக் கோட்டுக்கும் கிறவலுக்கும் நடுவில் மிஞ்சிய துண்டு. அதிலும் ஓட்டோ நிற்கும், மீன் தட்டு நிற்கும், மணல் வந்து படியும். இது சைக்கிளில் தீர்க்கும் பழுதல்ல, ஓடும் இடத்தைத் தெரிவதில் தீர்ப்பது. நிற்கும் வாகனத்திலிருந்து ஒரு மீற்றர் விட்டுப் போங்கள். கதவு திறந்தாலும் தப்பலாம். ஒவ்வொரு ஓட்டோவுக்கும் உள்ளே வெளியே என்று வளைந்து வளைந்து போக வேண்டாம், பின்னால் வரும் பஸ் சாரதிக்கு உங்கள் போக்கு விளங்காது. முன்கூட்டியே திரும்பிப் பார்த்து, கை காட்டி, ஒரே கோட்டில் ஓடுங்கள்.

மழை ஓரத்துக் கிறவலை அரித்துக்கொண்டு போனால் காப்பட் விளிம்பு படியாக நிற்கும். பஸ்ஸுக்கு ஒதுங்கிக் கீழே இறங்கிவிட்டு அதே வேகத்தில் சரிந்து ஏறப் பார்த்தால், டயர் விளிம்பை உரசிக்கொண்டே ஓடி உங்களை றோட்டின் நடுவே தள்ளும். இரண்டு விரல் உயரத்துக்கு மேல் என்றால் நின்று, தூக்கி ஏற்றுங்கள். கான் மூடிப் பலகைகளுக்கு நடுவிலுள்ள நீட்டு இடுக்கும் இதே ரகம். தண்ணி மூடினால் தெரியாது, ஆகையால் வறண்ட நாளிலேயே உங்கள் பாதையில் எது எங்கே என்று பார்த்து வையுங்கள்.

பாலத்தில ஹாண்டில் இழுக்குது

வாடைக்குக் கல்லடிப் பாலத்தில் காற்றுப் பக்கவாட்டாக அடிக்கும்போது சைக்கிளில் ஒரு குறையும் இருக்காது. ஹாண்டிலில் தொங்கும் பைதான் பாயாக நிற்கும். அதைக் கெரியரில் தாழ்வாகக் கட்டுங்கள். காற்றுக்கு எதிராக லேசாகச் சாய்ந்து ஓடுகிறீர்கள். பஸ் ஒன்று கடக்கும்போது காற்று ஒரு கணம் மறையும், நீங்கள் அந்தப் பக்கமே சரிவீர்கள், கடந்ததும் திரும்ப அடிக்கும். பஸ் சத்தம் கேட்டதும் பிடியைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி, வேகத்தைக் குறையுங்கள். பாலம் முடியும் இடத்திலும் இதேதான். ஒரு கையில் குடை பிடித்தால் ஒரு பிறேக்தான் மிஞ்சும், அதுவும் நனைந்த பிறேக். தொளதொளத்த மழைக்கோட்டும் குடைக்கு அண்ணன் தம்பிதான். இடுப்பில் ஒரு கயிறு கட்டுங்கள்.

வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மழை இல்லை, எதிர்க்காற்றும் மணலும் உண்டு. அப்போது செயினுக்கு எண்ணெயைப் பாதியாகக் குறையுங்கள்.

சக்கரம் சுத்துதில்ல, மிதிக்க ஏலாது

வயல் பாதைக் களி மட்கார்ட்டுக்குள் இறுகிவிட்டது. டயருக்கும் மட்கார்ட்டுக்கும் ஒன்றரைச் சென்ரிமீற்றர் இடைவெளி இருந்தால் பெரும்பாலும் வராது. ஐஸ்கிறீம் குச்சி அளவில் ஒரு மரத்துண்டை கெரியரில் செருகி வையுங்கள், இரும்பால் கிண்டினால் டயர் கிழியும். முன் மட்கார்ட்டின் அடியில் பழைய டியூபில் வெட்டிய ஒரு நாக்கைத் தொங்கவிடுங்கள், நிலத்திலிருந்து நாலு விரல் உயரம் வரை. காலும் செயினும் பெடல் அச்சும் சேற்றடியிலிருந்து தப்பும். இருபது ரூபாய்ச் சாமானும் வேண்டாம், இந்தப் பட்டியலில் இதைப்போல் பலன் தருவது வேறில்லை.

மழைக்கு லைற் மங்குது

டைனமோ என்றால் உருளை நனைந்த டயரில் வழுகுகிறது. டைனமோவின் அச்சு சக்கரத்தின் நடுவைப் பார்த்து நிற்கிறதா என்று முதலில் பாருங்கள், சரிந்திருந்தால் டயரையும் தின்னும். உருளைக்கு ரப்பர் தொப்பி போட்டால் பிடிக்கும். வெளிச்சம் விட்டுவிட்டு வந்தால் டைனமோவைப் பூட்டிய இடத்தில் துரு ஏறி மின்சுற்று அறுகிறது. பெயின்றைச் சுரண்டி இரும்பு இரும்போடு தொட வையுங்கள். சார்ஜ் லைற் என்றால் சார்ஜ் ஏற்றும் வாயின் ரப்பர் மூடி கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டுங்கள்.

பின் சிவப்பு லைற் முன் லைற்றைவிட முக்கியம். பின் மட்கார்ட்டிலும் பெடல் ஓரத்திலும் ஒளிதெறிக்கும் நாடா ஒட்டுங்கள்; மேலும் கீழும் ஆடும் பெடல் வெளிச்சத்தைத் தூரத்திலேயே சைக்கிள் என்று அடையாளம் காணலாம். முன் லைற்றைச் சற்றுத் தாழ்த்தி வையுங்கள். மழைத்துளியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வராது, காப்பட் சூட்டுக்கு வந்து படுத்திருக்கும் மாடும் நேரத்தோடு தெரியும்.

எல்லாம் சரி, பைக்குள்ள கடதாசி நனைஞ்சிற்று

சொப்பிங் பேக்கை வாய் மேலே பார்க்கக் கட்டினால் முடிச்சு வழியே தண்ணி இறங்கும். சாமானை ஒரு பேக்கில் போட்டு, வாயை முறுக்கி, அதைத் தலைகீழாக இன்னொரு பேக்குக்குள் வைத்துக் கட்டுங்கள். சீற்றுக்கும் ஒரு பேக் போதும், நிறுத்தும்போதே போட வேண்டும். நனைந்த பிறகு போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும்.